விளையாட்டு நேரத்தில் டீச்சருக்கு என்ன வேலை?

பிள்ளைகள் வெளியே விளையாடும் நேரத்தில் டீச்சருக்கு என்ன வேலை என்று கேட்டால் எங்கள் பக்கம் இரண்டு விதமாகப் பதில் வரும். "அந்த நேரத்துல ரிஜிஸ்டரை எழுதி முடிச்சிடலாமே டீச்சர்" என்பது ஒன்று. "சும்மா விட்டுட்டா எப்படி, வட்டமா நிக்க வச்சு ஏதாவது சொல்லிக் குடுங்க" என்பது இன்னொன்று. முதலில் சொல்பவருக்கு அது எனக்குக் கிடைத்த ஓய்வு நேரம். இரண்டாவதாகச் சொல்பவருக்கு அது வீணாய்ப் போகிற பாட நேரம். பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறவள் என்கிற முறையில் சொல்கிறேன், என் நாளிலேயே அதிகக் கவனம் கேட்கிற வேலை அந்த முக்கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் பார்த்தால் ஒருத்தி மரத்தடியில் நின்றுகொண்டிருப்பது மட்டும்தான் தெரியும். அப்படி நிற்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

நான் வேலை பார்ப்பது மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில், கோரையாற்றுப் பாசனத்தில் ஒரு சின்ன ஊரில். அங்கன்வாடி மையம் என்று போர்டு இருந்தாலும் ஊருக்கு அது பால்வாடிதான். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளைகள் வருகிறார்கள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிற இரண்டரை வயதுகளும் உண்டு. நான் ஒருத்தி, சமையலுக்கும் மற்றதற்கும் ஆயா ஒருத்தர். கட்டடத்தை ஒட்டிக் கொஞ்சம் மண்தரை, ஒரு பூவரச மரம், அடிபம்பு, வேலி. வேலிக்கு அந்தாண்டை வாய்க்கால்.

டெல்டாவில் பிள்ளைகளை வெளியே விடுவது பற்றிப் பேசுவதென்றால் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12. அணையில் இருப்பு குறைவாக இருந்தால் தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் பிரிந்து, கோரையாறு வழியாக எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர மேலும் சில நாள் பிடிக்கும். கோடை முழுக்க அந்த வாய்க்கால் வறண்டு கிடக்கும். பிள்ளைகள் அதில் இறங்கி ஓடுவார்கள், நண்டு வளையில் குச்சி விடுவார்கள், அதுதான் அடுத்த தெருவுக்குக் குறுக்கு வழி. நேற்று வரை நடந்து போன இடத்தில் ஒரு நாள் காலையில் இடுப்பளவுத் தண்ணீர் ஓடும். இடுப்பளவு என்றால் பெரியவர்கள் இடுப்பு. மூன்று வயதுக்கு அது தலைக்கு மேல். நீரில் மூழ்கி இறப்பது ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளிடம்தான் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழங்காலளவுத் தண்ணீர் போதும். சினிமாவில் காட்டுகிற மாதிரி கையை ஆட்டிக் கத்துவதெல்லாம் கிடையாது, சத்தமே வராது.

அதனால் என் வேலை பிள்ளைகள் வெளியே வருவதற்கு முன்பே ஆரம்பமாகிறது. வாய்க்கால் பக்கத்து வேலியை ஒரு முறை முழுக்க நடந்து பார்ப்பேன். ஆடு நுழைந்த சந்து இருந்தால் அதில் பிள்ளையும் நுழையும். படல் கட்டியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்ப்பேன். பிறகு தரை. ராத்திரியில் யாராவது வந்து உட்கார்ந்து குடித்துவிட்டுப் போயிருந்தால் பாட்டில் துண்டு கிடக்கும். பம்படியில் பாசி பிடித்திருந்தால் ஆயாவும் நானும் துடைப்பத்தால் தேய்த்துவிடுவோம். ஐப்பசி மழைக்குப் பக்கத்து வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக்கிடக்கும், அந்த மூலைக்கு அப்போது போகவிடுவதில்லை. அறுவடைச் சமயத்தில் வயலிலிருந்து எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். அப்போது செங்கல் அடுக்கையும் மட்டைக் குவியலையும் நானே குச்சியால் தட்டிப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் போகும். இரும்புச் சறுக்குமரம் வெயிலில் காய்ந்திருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பேன். இவ்வளவும் முடித்த பிறகுதான் கதவைத் திறப்பேன். போன் உள்ளே மேசையில் கிடக்கும். மேலே இருந்து எவ்வளவு அவசரமாகக் கணக்குக் கேட்டாலும் அந்த நேரத்தில் அதைத் தொடுவதில்லை.

இதைப் படிக்கிறவர்கள், இத்தனை பயம் இருந்தால் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருக்கலாமே என்று நினைக்கக்கூடும். எனக்குத் தெரிந்த அளவில் ஆபத்து இரண்டு வகை. பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாதது ஒன்று. கலங்கல் தண்ணீரின் ஆழம், மண்ணுக்குள் கிடக்கிற ஆணி, மட்டைக்கு அடியில் இருக்கிற தேள், அறுந்து தொங்குகிற ஒயர். இவற்றை அகற்றுவது முழுக்க என் பொறுப்பு, அதில் பிள்ளை கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. மற்றது பிள்ளைக்கே நன்றாகத் தெரிகிறது. கிளை எவ்வளவு உயரம், மேடு எவ்வளவு சரிவு, இந்த வேகத்தில் ஓடினால் நிற்க முடியுமா முடியாதா என்பதெல்லாம் அதற்குக் கண் முன்னால் இருக்கிறது. இந்த இரண்டாவது வகையையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டால் பிள்ளைக்குத் தன் உடம்பின் அளவு எப்போதுமே தெரியாமல் போய்விடும்.

நார்வேயைச் சேர்ந்த எல்லன் சாண்ட்செட்டர் என்ற ஆய்வாளர் 2007-ல் இப்படித் துணிந்து ஆடுகிற விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார். உயரம் ஏறுவது, வேகமாகப் போவது, கூரான கருவிகளைக் கையாள்வது, நீர் நெருப்பு போன்றவற்றுக்குப் பக்கத்தில் இருப்பது, கட்டிப் புரள்வது, பெரியவர்கள் கண்ணிலிருந்து மறைந்து போவது. பட்டியலைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பூவரசில் ஏறுவது, டயர் உருட்டிக்கொண்டு ஓடுவது, கொட்டாங்கச்சியைக் கல்லில் தேய்ப்பது, பம்புத் தண்ணீர், கோணிச்சாக்கில் புரளுவது, கண்ணாமூச்சி. எங்கள் மண்தரையில் ஆறும் நடக்கிறது.

பூவரசில் ஏறுவதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். எல்லா மரமும் ஏற உகந்ததில்லை. முருங்கை சட்டென்று ஒடிந்துவிடும், கல்யாண முருங்கையில் முள். எங்கள் பூவரசு தாழக் கவை விட்ட மரம், கிளை பலம். அடியில் ஆற்று மணல் கொட்டிப் பரப்பியிருக்கிறோம். அதில் ஏற எங்கள் மையத்தில் ஒரே ஒரு விதிதான். யாரையும் யாரும் தூக்கி ஏற்றிவிடக் கூடாது, நானும் ஏற்றிவிட மாட்டேன். தானாக ஏறிய பிள்ளைக்குத் தானாக இறங்கும் வழி பெரும்பாலும் தெரியும். ஏற்றிவிடப்பட்ட பிள்ளைக்குத் தெரியாது.

நாலு வயதுக்காரன் ஒருவன் முதல் கவைக்கு ஏறி, அடுத்த கிளையில் ஒரு காலை வைத்துவிட்டு, அப்படியே நின்றுவிட்டான். முகம் சுருங்கிவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குச் சொல்ல வந்த ஆயா "ஐயோ விழுந்துடப் போறான்" என்று ஓடி வந்தார். நான் கையமர்த்திவிட்டு மரத்தடியில் போய் நின்றேன், கை எட்டுகிற தூரத்தில். ஆனால் கையை நீட்டவில்லை. நீட்டினால் அவன் அதைத்தான் பார்ப்பான், கிளையைப் பார்க்க மாட்டான். "எந்தக் கால் ஆடுது?" என்று கேட்டேன். "இது" என்றான். "அப்ப எது நல்லா நிக்குது?" யோசித்து மற்ற காலைப் பார்த்தான். "அந்தப் பக்கத்துக் கிளைய அசைச்சுப் பாரு, கெட்டியா இருக்கா?" அசைத்தான். பிடித்தான். ஆடிய காலைத் திரும்ப எடுத்து, வயிற்றை மரத்தில் தேய்த்துக்கொண்டே இறங்கினான். சட்டைப் பொத்தான் ஒன்று போயிற்று. இறங்கியதும் என்னிடம் வரவில்லை, மறுபடி ஏறத் தொடங்கினான்.

"விழுந்துடுவே" என்று நான் கத்தியிருந்தால் அவன் காதில் விழுவது என் பயம் மட்டும்தான். காலை எங்கே வைப்பது என்பதற்கு அதில் ஒரு தகவலும் இல்லை. பிள்ளை நெருக்கடியில் இருக்கும்போது டீச்சர் வாயிலிருந்து வருகிற சொல், அடுத்த அடிக்கு உதவுகிற சொல்லாக இருக்க வேண்டும். இது பழகப் பழக வரும்.

இனி எங்கள் பம்படிக்கு வருகிறேன். பம்பில் அடித்து வழிகிற தண்ணீர் ஒரு சின்ன ஓடையாகி வேலியோரம் இருக்கிற வாழைக்குப் போகிறது. தரை களிமண். டெல்டாப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் கிடைத்தால் வேறு பொம்மை வேண்டியதில்லை. ஒரு நாள் நாலைந்து பேர் சேர்ந்து அதில் வயல் கட்டினார்கள். களிமண்ணை உருட்டி வரப்பு, வரப்புக்கு நடுவில் விரலால் கீறி வாய்க்கால், அருகம்புல்லைப் பிடுங்கி நாற்று. மேல் வயல் ஒரு பெண்பிள்ளையுடையது, கீழ் வயல் ஒரு பையனுடையது. மேலே தண்ணீர் ரொம்பினால்தான் கீழே வரும்.

"எங்க நாத்து காயுது, மடைய தொற."

"இன்னிக்கு எங்க முறை. உங்க முறை நாளைக்குத்தான்."

முறைத் தண்ணீர் என்கிற விஷயத்தை அந்த வயதில் யாரும் அவளுக்குப் பாடமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறாள். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் எழுந்து நின்று எல்லாருக்கும் அறிவித்தான்: "இப்ப ராத்திரி. எல்லாரும் தூங்குங்க." எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள், அவளும்தான். இவன் மெல்லப் போய் மேல் வரப்பை ஒரு விரலால் உடைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான். விடிந்தது. "யாருடா எங்க மடைய ஒடச்சது?" என்று அவள் எழுந்தாள். அவன் சிரித்தான். அவள் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

இங்கேதான் என் வேலை. கால் தானாக ஒரு அடி முன்னால் போகிறது. அதை நிறுத்திவிட்டு உள்ளுக்குள் பத்து எண்ணுவேன். எண்ணிக்கொண்டே பார்ப்பேன்: தள்ளிய கை கோபத்தில் இருக்கிறதா, ஆட்டத்தில் இருக்கிறதா? தள்ளப்பட்டவன் முகம் எப்படி இருக்கிறது? பக்கத்தில் கல், குச்சி ஏதாவது இருக்கிறதா? பத்துக்குள் அழுகை வந்தால் போவேன், கை மறுபடி ஓங்கினால் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் போவேன். அன்றைக்குப் பத்து முடிவதற்குள் மூன்றாவதாக ஒருத்தன், அதுவரை கரையில் உட்கார்ந்து சேற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன், எழுந்து நின்று "லஸ்கர் வந்துட்டேன்" என்றான். இந்தப் பக்கம் ஆறு, வாய்க்கால் மதகுகளைப் பார்த்துக்கொள்கிற பாசன ஊழியரை லஸ்கர் என்றுதான் சொல்வார்கள். லஸ்கர் இரண்டு பேரையும் விசாரித்தார். மேல் வயலுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போகிற மாதிரி புதிதாக ஒரு வாய்க்கால் கீறச் சொன்னார். அவளும் சேர்ந்து கீறினாள்.

மறுநாள் காலையில் நான் செய்தது ஒன்றே ஒன்று. வீட்டில் குழாய் வேலை செய்தபோது மிஞ்சிய ஒரு சாண் பிவிசி துண்டு ஒன்றைப் பம்படியில் போட்டு வைத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. அரை மணியில் அது வரப்புக்கு அடியில் புதைந்து மதகாகிவிட்டது. திறக்க மூட ஒரு பனங்கொட்டை. சரிவு, அளவு, முறை, பங்கீடு, திருட்டு, விசாரணை எல்லாம் அந்தச் சேற்றில் இருந்தன. வட்டமாக நிற்க வைத்து இதில் எதை நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்?

பொருட்களைப் போட்டு வைப்பது என்பது டீச்சர் செய்கிற பெரிய வேலை. வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை ஒரு விளையாட்டுக்குத்தான் ஆகும். கொட்டாங்கச்சி, தென்னம்பாளை, பனங்கொட்டை, நுங்கு தின்று போட்ட கோம்பை, செங்கல் துண்டு, கோணிச்சாக்கு, பழைய சேலை, டயர் என்று அசைக்கவும் மாற்றவும் முடிகிற பொருட்கள் கூடக் கூடப் பிள்ளைகள் கண்டுபிடிப்பதும் கூடும். சைமன் நிக்கல்சன் என்ற இங்கிலாந்துக்காரர் 1971-ல் இதையே ஒரு கொள்கையாக எழுதினார். அதற்கும் முன்னால், 1943-ல், ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த டென்மார்க்கில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில், பிள்ளைகள் தாங்களே கட்டவும் பிரிக்கவும் பலகையும் செங்கலுமாகக் கொட்டி ஒரு மைதானம் திறந்தார்கள். சோரன்சன் என்ற நில வடிவமைப்பாளரின் யோசனை அது. அழகாக அமைத்த பூங்காக்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கிற இடங்களில் போய் விளையாடுவதை அவர் கவனித்திருந்தார். அங்கே முதலில் பொறுப்பேற்ற ஜான் பெர்டெல்சன், பிள்ளைகளுக்கு எதையும் கற்றுக்கொடுப்பது தன் வேலை இல்லை என்றே வைத்துக்கொண்டார். பொருள் இருக்கிறதா, இடம் இருக்கிறதா, யாராவது தனியாகத் தவிக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவர் பார்த்த வேலை. எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

டீச்சர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளை எதையாவது கையில் எடுத்தால் உடனே கேட்டுவிடுவோம், "இது என்ன கலர்? எத்தனை இருக்கு, எண்ணு பாப்போம்?" பிள்ளை அப்போது மீன் விற்றுக்கொண்டிருக்கும். கையில் இருக்கிற கூழாங்கற்கள் அதற்கு மத்தி, கிழங்கான். நாம் கேட்டதும் அவை திரும்பவும் கல்லாகிவிடும். பிள்ளை "அஞ்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். கடையோடு ஆட்டமும் போயிற்று. சேர்ந்துகொள்ள வேண்டுமென்றால் வாங்க வந்தவளாகப் போய் உட்கார வேண்டும். "கிழங்கான் கூறு என்ன விலை?" "இருவது ரூவா." "போன வாரம் பத்துதானே?" "அது சின்ன கூறு. இது பெரிசு, பாருங்க" என்று கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் காட்டுவாள். எண்ணிக்கை, பெரிது சிறிது எல்லாம் அதிலேயே வந்துவிடும். பை நிறைந்ததும் எழுந்து வந்துவிடுவேன். கடை அவளுடையது.

பத்து எண்ணுவது எல்லா இடத்திலும் பொருந்தாது. ஒருவர் கட்டியதை இன்னொருவர் இடிப்பது எங்கள் மொழியில் நெடுங்காலமாக இருக்கிற சமாச்சாரம். பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்கு ஒரு பருவமே உண்டு, சிற்றில் பருவம். பெண்பிள்ளைகள் மணல்வீடு கட்டுவார்கள், அவன் காலால் சிதைக்க வருவான், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். பாடலில் அது அழகு. ஆனால் என் மண்தரையில் தினமும் ஒரே பிள்ளை இடித்து தினமும் ஒரே பிள்ளை அழுதால் அதை விளையாட்டாக நான் எடுத்துக்கொள்வதில்லை. இடிக்கிறவனுக்கு இடிக்க ஒன்று வேண்டும். அவனுக்கென்று தனியாகச் செங்கல் கோபுரம் அடுக்கி இடிக்கவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறான். சேர்த்துக்கொள்ளாததால் இடிக்கிறவனும் உண்டு. அவனுக்குக் கோபுரம் ஆகாது, ஒரு வாளித் தண்ணீரைக் கையில் கொடுத்து "அவங்க வீட்டுக்குத் தண்ணி வேணுமாம், கேட்டுட்டு வா" என்று அனுப்புவேன்.

இன்னொரு இடம் இருக்கிறது. அங்கே ஒன்றுகூட எண்ணுவதில்லை. கூட்டாஞ்சோறு ஆக்கும்போது ஒரு நாலு வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பார்த்து, "நீ அந்தத் தெரு, எங்க சோத்தத் தொடக் கூடாது" என்று சொன்னால் அது அந்தப் பிள்ளையின் சொல் இல்லை. வீட்டிலிருந்து வந்தது. அப்போது நான் போய் அந்த அடுப்பருகே உட்காருவேன். எந்தப் பிள்ளையைத் தொடக் கூடாது என்று சொன்னார்களோ அந்தப் பிள்ளை கையால் கொட்டாங்கச்சியில் மண்சோறு வாங்கி எல்லார் முன்னாலும் சாப்பிடுவேன். "இங்க எல்லாரும் ஒண்ணா ஆக்கி ஒண்ணாத்தான் திங்கணும்" என்று குரலை உயர்த்தாமல் ஒரே முறை சொல்வேன். அன்று சாயங்காலம் அழைத்துப்போக வருகிற பெரியவர்களிடம் தனியாகவும் பேசுவேன். முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளிக்கட்டும். சுதந்திரமாக விளையாட விடுவது என்றால் பெரியவர்களின் கொடுமையையும் பிள்ளைகள் ஒத்திகை பார்க்க விடுவது என்று அர்த்தம் இல்லை.

எதிலும் சேராமல் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருக்கிற பிள்ளை எல்லா மையத்திலும் ஒன்று இருக்கும். பார்க்கிறவர்களுக்கு மனசு கேட்காது. "போ கண்ணு, போய் வெளையாடு" என்று முதுகில் கை வைத்துத் தள்ளுவார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-ல் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு நிலைகளை வகைப்படுத்தியபோது, பார்த்துக்கொண்டு நிற்பதையும் அதில் ஒரு நிலையாகச் சேர்த்தார். நிற்கிற பிள்ளை சும்மா நிற்கவில்லை. யார் கத்துவார்கள், யார் கொடுப்பார்கள், எங்கே இடம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறது. நான் செய்வதெல்லாம் அந்தச் சுவரோரமாகக் கொஞ்சம் மணலும் இரண்டு கொட்டாங்கச்சியும் வைப்பதுதான். ஆட்டம் நடக்கிற இடத்துக்கு அது கொஞ்சம் பக்கம். ஒரு நாள் குனிந்து உட்காரும். இன்னொரு நாள் யாராவது கொட்டாங்கச்சி கேட்டு வருவார்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பெண்பிள்ளைகளின் உடை பற்றியும் சொல்ல வேண்டும். கால் வரை கவுன் மாட்டி, கொலுசும் போட்டு அனுப்பினால் அவள் மரம் ஏற மாட்டாள். "அழுக்காயிடும்", "காலை மடக்கி உட்காரு" என்பதெல்லாம் அந்த உடையோடு சேர்ந்தே வருகிறது. கவுனுக்கு உள்ளே ஒரு டிரவுசர் போட்டு அனுப்புங்கள் என்று ஒவ்வொரு அம்மாவிடமும் கேட்கிறேன். போட்டு அனுப்பிய வீட்டுப் பெண்கள் இப்போது மேல் கிளையில் இருக்கிறார்கள்.

"மண்ணுல விட்டா வயித்துல பூச்சி வரும் டீச்சர்." பெற்றோர் சொல்வது இது. நியாயமான கவலை. கொக்கிப்புழு அசுத்தமான ஈர மண்ணிலிருந்து வெறுங்காலில் ஏறும். அதற்கு நாங்கள் செய்கிறது இது: பிள்ளைகளுக்குச் செருப்பு, விளையாட்டு மணலை ராத்திரியில் பழைய வலையால் மூடுவது (இல்லாவிட்டால் பூனை வந்து அசிங்கம் செய்யும்), உள்ளே வரும்போது சோப்புப் போட்டு நகக்கண் வரை கை கழுவுவது, ஆண்டுக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரை. இதைச் செய்தால் மண்ணுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வெளியே விடாமல் இருப்பதால் வருகிற கேடுதான் பெற்றோருக்குத் தெரிவதில்லை. சீனாவில் குவாங்சௌ நகரத்தில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், முடிவு 2015-ல் வந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தது அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்கு, மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்கு. சாப்பாடு ஊட்டும்போது கையில் போனைக் கொடுக்கிற வீடுகளில் இதைச் சொன்னால் கேட்கிறார்கள்.

வெளியே விடுவதற்கு நிழல் வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் சுற்றுவட்டாரத்தில் தென்னையும் மாவும் புளியும் விழுந்த கணக்கை யாரும் மறக்க மாட்டார்கள். மையத்துக்கும் நிழல் இல்லாமல் போயிற்று. கீற்றுப் பந்தல் போடலாம் என்று ஊரில் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு இந்தப் பக்கத்து டீச்சர் யாருக்கும் பிள்ளைகள் தலைக்கு மேல் கீற்றைப் போட மனசு வராது. பச்சை நிழல்வலை கட்டினோம். பூவரசுப் போத்து வெட்டி நட்டோம். பூவரசு போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் வளரும். இப்போது பிள்ளைகள் ஏறுவது அந்த மரத்தில்தான். இலையைச் சுருட்டி அவர்கள் ஊதுகிற பீப்பிச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். பிள்ளையைக் கவனித்துப் பார்க்கத் தெரிவதுதான் ஆசிரியருக்கு முதல் தேவை என்பது அவர் விடாமல் சொன்ன விஷயம். அவருடைய முறையில் பொருட்களுக்கெல்லாம் ஒரு ஒழுங்கு உண்டு, எங்கள் சேற்றில் அது கிடையாது. ஆனால் பார்ப்பது பற்றி அவர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் மதியம் தூங்கும்போது, காலையில் பார்த்ததில் இரண்டு மூன்று பேரைப் பற்றி ஒவ்வொரு வரி எழுதுவேன். "இடது கையால்தான் மண் அள்ளுகிறான். பென்சிலை வலது கையில் திணிக்க வேண்டாம்." "கூப்பிட்டால் திரும்பவில்லை, பின்னால் நின்று கூப்பிட்டபோதும் திரும்பவில்லை. காது பார்க்கச் சொல்ல வேண்டும்." "தம்பி பிறந்ததிலிருந்து குழந்தையைக் குளிப்பாட்டுகிற விளையாட்டு மட்டும்தான். பொம்மையை அடிக்கிறாள். அம்மாவிடம் பேசணும்." உள்ளே பாயில் உட்கார வைத்து எழுத்து காட்டும்போது இதில் ஒன்றுகூட என் கண்ணில் பட்டிருக்காது. பிள்ளை தன் இஷ்டப்படி இருக்கும்போதுதான் தெரிகிறது.

இதற்கெல்லாம் கண் வேண்டும், அதிலும் இரண்டு ஜோடி. அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் என்பதுதான் அமைப்பு. காலை பத்தரை மணிக்கு உதவியாளர் அடுப்பில் இருப்பார். பம்படியில் நான்கு பேர், மரத்தில் இரண்டு பேர், கட்டடத்துக்குப் பின்னால் கண்ணாமூச்சி ஆடுகிறவர்கள், இவர்களுக்கு நடுவில் ஒருத்தி. பல மையங்களில் டீச்சர்கள் வெளியே விடாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணம் இல்லை. இதுதான் காரணம். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஊர் முதலில் கேட்பது டீச்சர் எங்கே போனாள் என்றுதான். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-ல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு சொன்னது, இந்தியா 1992-ல் அதை ஏற்றது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது, ஆனால் அது ஆறு வயதிலிருந்துதான். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று 11-வது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை வெளியே விளையாட வேண்டும் என்று நிஜமாகவே நினைக்கிறவர்கள், விளையாட்டுச் சாமான் பெட்டி அனுப்புவதற்கு முன்னால் அந்த முக்கால் மணி நேரத்துக்கு இன்னொரு ஆளை அனுப்ப வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கிறேன், கேட்பதை விடப் போவதில்லை.

அது வரும் வரைக்கும் எங்கள் ஊரில் ஒரு வழி வைத்திருக்கிறோம். நடவு, களை இல்லாத நாட்களில் இரண்டு மூன்று பாட்டிகளைக் கூப்பிடுகிறேன், ஒரு தாத்தாவும் வருவார். ஒருவருக்கு வாய்க்கால் பக்கத்து வேலி, ஒருவருக்கு பம்படி. பீப்பி செய்யவும், பனங்கொட்டையில் வண்டி செய்யவும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். யாராவது கேட்டால் ஒன்று செய்து காட்டுங்கள், கேட்காவிட்டால் உங்களுக்காக ஒன்று செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆரம்பத்தில் அவர்களுக்கு வாய் சும்மா இருக்காது, "ஓடாதே, ஏறாதே, தண்ணியத் தொடாதே" என்று வந்துகொண்டே இருக்கும். பத்து எண்ணுங்கள் அத்தை என்றேன். இப்போது எண்ணுகிறார்கள். உங்கள் ஊர் பால்வாடியிலும் டீச்சர் தனியாகத்தான் நின்றுகொண்டிருப்பார். வீட்டில் வேலை ஓய்ந்த பெரியவர்கள் இருந்தால் காலை பத்தரை மணிக்கு அனுப்பி வையுங்கள். பேரப்பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.